நட்பின் வட்டமும் அதற்கு வெளியே நின்றவனும்

டொனா டாட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1992இல் வெளியிட்ட 'த சீக்றெட் ஹிஸ்டரி' என்னும் நாவலின் முகப்புப் பகுதியிலேயே கொலையுண்டவன் யார், கொன்றவர் யார் என்பன கூறப்பட்டுவிடுகின்றன. துப்பறியும் கதைக்குரிய வினா இவ்வாறு தீர்ந்துபோன பின்னரும் ஐந்நூறுக்கு மேற்பட்ட பக்கங்களை நாம் வாசிக்கின்றோம். நண்பர் சிலர் தம் நண்பன் ஒருவனைக் கொல்லும் நிலைக்கு எவ்வாறு வந்தனர் என்பதை அறியும் வேட்கையே அதற்குக் காரணம் எனலாம்.

வேர்மொண்ட் மாநிலத்துக் கல்லூரியொன்றில் ஆறு மாணவர் ஒரே ஆசிரியரிடம் கிரேக்கம் பயில்கின்றனர். டயனைசஸ் தெய்வத்துக்குரிய பண்டை வெறியாட்டை மீள நிகழ்த்த முயன்ற நால்வர், அந்நிலையில் ஒரு விவசாயியைக் கொன்றுவிடுகின்றனர். அதிற் பங்குபெறாத எட்மண்ட் உண்மையை அறிந்து அவர்களை ஏளனஞ் செய்கிறான். அவர்கள் பணத்திற் சுகிக்கிறான். ஈற்றில் அவனை மலைப்பள்ளத்தில் தள்ளிவிடுகின்றனர். கதைசொல்லியாகிய றிச்சர்ட் உடன் நிற்கிறான்.

நண்பரைக் காக்கவே இது செய்யப்பட்டது என்று வாதிடுவோர் உளர். ஆயின் எட்மண்டும் நண்பனன்றோ? காக்கப்பட்டது நட்பாயின் அவனும் அதனுள் அடங்குதல் வேண்டும். உண்மையிற் காக்கப்பட்டது வட்டம். நட்பு ஒரு மனிதனை நோக்கி நிற்பது. வட்டமோ தன் எல்லையை நோக்கி நிற்பது. றிச்சர்டின் நிலை இதனைத் தெளிவாக்குகின்றது. கலிபோர்னியாவின் எளிய குடும்பமொன்றிலிருந்து வந்து, தன் பிறப்பை மறைத்து, அரும்பாடுபட்டு உள்ளே நுழைந்தவன் அவன். விவசாயியின் மரணத்தை அவன் அறிந்த வேளையில் அவன் கைகளிற் குற்றமேதும் இல்லை. விலகியிருக்கலாம். மீண்டும் வெளியாள் ஆகிவிடுவோமோ என்ற அச்சமே அவனை விலகவிடவில்லை என்பது என் கருத்து.

நண்பன் தீயவனாக மாறின், திருத்தக்கவனைத் திருத்த முயல வேண்டும், திருத்தவியலாதவனை விட்டு நீங்கலாம் என்பது அரிஸ்டோட்டில் தம் ஒழுக்கவியல் நூலிற் கொண்ட நிலைப்பாடு. கிரேக்கத்தை மூலமொழியிற் கற்ற இம்மாணவருள் ஒருவரேனும் அதனை நண்பருக்கு எடுத்துரைத்தாரில்லை. அவர்தம் ஆசிரியர் ஜூலியனோ உண்மையை அறிந்ததும் கல்லூரியை விட்டே போய்விடுகிறார். கலைப்பீடத்தவராகிய நமக்கு இது சற்றுக் கசப்பான செய்திதான்.

எனினும் என்னை அதிகம் உறுத்துவது அந்த விவசாயியின் மரணமே. எட்மண்டுக்காக நாம் இரங்குகிறோம். அவனுடைய நகைச்சுவையையும் கஞ்சத்தனத்தையும் அறிவோம். விவசாயியின் பெயரை எத்தனை வாசகர் நினைவில் வைத்திருப்பர்? றிச்சர்டின் கண்களால் நோக்கும் நாமும் அவ்வட்டத்தினுள் அமர்த்தப்பட்டுவிட்டோம். உள்ளிருப்போருக்கு வெளியிலுள்ளவன் ஒரு தடயமாகவே தோன்றுகிறான். இதனை நாவலின் குறை என்பர் சிலர். இதுவே அதன் வலிமை என்பேன்.

எட்மண்டின் இறுதிச் சடங்கின்போது, அவனைக் கொன்றவர்கள் அவனுடைய பெற்றோரின் வீட்டிலேயே தங்குகின்றனர். அப்பகுதியை ஆசிரியர் மிக விரிவாக எழுதியிருக்கிறார். விவசாயியின் வீட்டுக்கு நாவல் நம்மை ஒருமுறையேனும் அழைத்துச் செல்வதில்லை.