ஐந்தடி மிச்சம்

1955 மே 25. கஞ்சன்ஜங்காவின் உச்சிக்குச் சற்றுக் கீழே ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் ஒரு பாறைச் சுவரின் முன் நின்றார்கள். சுமார் 20 அடி உயரம், அதில் மேலே போகும் ஒரு வெடிப்பு. மான்செஸ்டரில் குழாய் வேலை பார்த்த பிரவுன், பாறை ஏறுவதில் சூரர். ஆக்சிஜனைக் கூட்டி வைத்துக்கொண்டு வெடிப்பைப் பற்றி ஏறிவிட்டார். பின்னால் பேண்டும் வந்து சேர்ந்தார். மேலே போய்ப் பார்த்தால், இருபதடி தள்ளி, அவர்கள் நின்ற தரையைவிட ஐந்தடி உயரத்தில், பனி கூம்பாகக் குவிந்து கிடக்கிறது. 8,586 மீட்டர் என்று வரைபடம் சொல்லும் இடம் அதுதான்.

இருவரும் அதன்மேல் கால் வைக்கவில்லை.

சிக்கிம் மக்களுக்கு அந்த மலை காவல் தெய்வம். ஆண்டுதோறும் பாங் லாப்சோல் திருவிழாவில் லாமாக்கள் முகமூடி அணிந்து அதற்காக ஆடுவார்கள். உச்சியை மிதிக்க மாட்டோம் என்று குழுத்தலைவர் சார்லஸ் எவன்ஸ் சிக்கிமுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் ஏறியதோ நேபாளப் பக்கமாக. அங்கே சிக்கிமின் அதிகாரம் செல்லாது. ஐந்தடி ஏறி இறங்கிவிட்டு, ‘ஏறவில்லை’ என்று சொல்லியிருந்தாலும் கேட்க நாதியில்லை. மறுநாள் நார்மன் ஹார்டியும் டோனி ஸ்ட்ரீதரும் போனார்கள். அவர்களும் அந்தக் கூம்பைத் தொடாமல் திரும்பினார்கள்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நாம் அலுத்துக்கொள்வோம். எட்டியதை எட்டிய இடத்திலேயே விட்டுவிட்டு வருவது வேறு காரியம். கிடைக்காததைத் துறப்பதில் பெரிய சிரமம் இல்லை. பசிக்காதவன் விரதம் போல அது. வாரக்கணக்கில் பனியில் உழன்று, உயிரைப் பணயம் வைத்து வந்தபின், முன்னால் கிடக்கும் கடைசி ஐந்தடியை வேண்டாம் என்பதற்கு எவ்வளவு அடங்கிய மனம் வேண்டும்! இத்தனைக்கும் அவர்கள் யாரும் சாமியார்கள் இல்லை. கொடுத்த சொல்லைக் காப்பாற்றினார்கள், அவ்வளவுதான். துறவு என்று நாம் பெரிதாகப் பேசுவதெல்லாம் இதைவிட அதிகமாக எதைக் கேட்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

காரைக்கால் அம்மையார் நினைவுக்கு வராமல் போகாது. ஈசன் இருக்கும் கயிலையைக் காலால் மிதிக்கலாகாது என்று தலையால் நடந்து சென்றவர் என்கிறது பெரியபுராணம். அந்தக் கயிலையின் உச்சியில் மனிதன் ஏறியதாக இன்றுவரை பதிவு இல்லை. 6,638 மீட்டர்தான்; எவரெஸ்ட்டைவிட எவ்வளவோ தாழ்வு. போகிறவர்கள் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பாதையில் சுற்றி வந்து வணங்குகிறார்கள். இந்துக்களும் பௌத்தர்களும் வலமாக, திபெத்தின் ‘பொன்’ (Bön) சமயத்தார் இடமாக. அண்ணாமலையைக் கிரிவலம் வந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஏறுவதே தவறு என்று சொல்ல வரவில்லை. ஏறுகிறவர்களுக்கும் ஒரு வணக்கம் உண்டு. ஷெர்ப்பாக்கள் உச்சிக்குப் புறப்படுமுன் அடிவார முகாமில் கல்லடுக்கிப் பூசை போடுகிறார்கள். பனிக்கோடரிகளை அதன்மேல் சாய்த்து வைக்கிறார்கள். ஜூனிபர் தழை புகைய, லாமா மந்திரம் ஓத, வறுத்த பார்லி மாவை ஒருவர் முகத்தில் ஒருவர் பூசிக்கொள்கிறார்கள். மலையிடம் அனுமதி கேட்கிறார்கள். கூரான இரும்பால் அதைக் குத்தப்போவதற்கு முன்கூட்டியே மன்னிப்பும் கேட்கிறார்கள். 1953இல் எவரெஸ்ட் உச்சியில் டென்சிங், இனிப்புகளைப் பனியில் புதைத்துப் படைத்தார். மகள் கொடுத்தனுப்பிய பென்சிலையும் சேர்த்து வைத்தார்.

சிகரம் வரை போகாதவர்களுக்கும் மலை கொஞ்சம் கற்றுக்கொடுக்கிறது. சிக்கிமில் யுக்சோமிலிருந்து ஜோங்ரி ஏறும் பாதையில் காடு முடிந்து புல்வெளி தொடங்கும்போது உயரம் நாலாயிரம் மீட்டரை நெருங்கும். கடலோரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் சுமார் 60 சதவீதம்தான் அங்கே கிடைக்கும். “பிஸ்தாரை, பிஸ்தாரை” என்பார் வழிகாட்டி. மெதுவாக, மெதுவாக. பேசிக்கொண்டே நடந்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடுவார்கள். நாலு அடிக்கு ஒரு மூச்சு, பிறகு இரண்டு அடிக்கு ஒரு மூச்சு. பாக்கிக் கணக்கு, ஊர்ப் பகை, நாளைய வேலை எதையும் நினைக்க அதில் இடமில்லை. தியான வகுப்பில் மாதக்கணக்கில் உட்கார்ந்தும் பிடிபடாத மூச்சை, ஒரு மேட்டுப்பாதை அரை மணியில் பிடித்துக் கொடுத்துவிடும். சமவெளிக்கு இறங்கினால் கணக்கும் பகையும் திரும்ப வந்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கஞ்சன்ஜங்காவைக் காண ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. டார்ஜிலிங்கின் டைகர் ஹில்லுக்கோ பெல்லிங்குக்கோ மழைக்காலம் கழிந்து அக்டோபர், நவம்பரில் போனால் வானம் தெளிந்திருக்க வாய்ப்பு அதிகம். விடியுமுன்பே கூட்டம் சேர்ந்துவிடும். பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். நீங்கள் முதல் நாள் மட்டும் அதைப் பையிலேயே வைத்துவிடுங்கள். பனி சிவந்து, பொன்னாகி, வெளுப்பதெல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். படத்தை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.