வாளுக்கு எஃகு தந்தவர்

செஞ்சி என்றதும் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 1714இல் போரில் மாண்ட தேசிங்கு ராஜாவும் அவன் குதிரையும் நினைவுக்கு வரும். வாள் பிடித்தவன் பெயர் இருக்கிறது. வாளுக்கு எஃகு உருக்கியவர் பெயர்?

ஐரோப்பாவில் சோலிங்கன், டொலிடோ கொல்லர்கள் வாளின் அலகிலேயே தம் முத்திரையைப் பொறித்தார்கள். பொன்வேலைப் பிடி போட்ட அரசவை வாளிலும் அந்தச் சிறு குறி பட்டறையைச் சொல்லிவிடும். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலும் ஐரோப்பிய அலகுகள் இருந்தன. நம் கைவினைஞர்கள் அவற்றுக்குப் பிடி செய்து பூட்டினார்கள்.

எஃகோ இங்கிருந்து மேற்கே போனது. பழைய தென்னாற்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் எஃகு உருக்கிய மூசைத் துண்டுகளை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்தார். உமி கலந்த மண் மூசை. உள்ளே இரும்பு, ஆவாரங்கட்டை, எருக்கிலை. வாயை மண்ணால் அடைத்து, துருத்தி ஊதி மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் தமிழகம் வந்த ஆங்கிலேயர் எழுதிவைத்த முறை இது. இரும்பில் எவ்வளவு கரி ஏறியது என்று அளக்கக் கருவி ஏது? கண்ணும் கையும்தான். அந்த எஃகின் சூட்சுமத்தைத் தேடி 1819இல் லண்டனில் ஆய்வு செய்தவர் மைக்கேல் ஃபாரடே. எத்தனை பெரிய மரியாதை அது!

செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா அழைத்துவரும் ஆசிரியர்களே, மேல்சிறுவளூருக்கும் ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.