கைவேலையும் நாணயமும்

நம் கடைகளின் பின்கட்டில் ஒரு மூலை இருக்கும். ஓடாத மின்விசிறி, சைக்கிள் சக்கரக் கம்பி, பல் தேய்ந்த அரம், காலி பிஸ்கட் டின், ஆணி போட்டு வைத்த பால் தகரம் என்று எறிய மனம் வராத சாமான்களெல்லாம் அங்கே வந்து சேரும். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் பலருக்கு வியாபாரம் மந்தமான நேரத்தில் அந்த மூலைதான் பட்டறை. சைக்கிள் கம்பியைத் தீட்டினால் சாக்கு தைக்கும் ஊசி. ஒடிந்த இரும்பறுக்கும் பிளேடுக்குத் துணி சுற்றினால் கத்தி. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைப் பாரங் கத்தியாக அடித்துக் கொடுக்கும் கொல்லர்கள் இந்நாட்டில் உண்டு. நல்ல எஃகாதலால் அது காய்ச்சித் தோய்த்ததும் கூர் பிடிக்கும்.

இது சிக்கனம், பாராட்ட வேண்டிய குணம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடைய கிண்ணம் விரிசல் கண்டபோது அதை வெள்ளியால் பிணைத்துச் சேர்த்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. ஆகவே பழையதைச் சரிக்கட்டுவதில் என்ன விவாதம் என்று வாசக நேயர்கள் கேட்கலாம். எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு. ஒரு வேலைக்காகச் செய்யப்பட்ட பொருளை வேறு வேலைக்கு மாற்ற நமக்கு எதுவரை உரிமை? காசு கொடுத்து வாங்கினேன், என் பொருள், என் இஷ்டம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்ததா?

பால் தகரத்தையே எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பை வராத காலத்தில் இந்நாட்டுக் கோப்பிக் கடைகளில் காலித் தகரத்தைக் கழுவி, விளிம்பில் துளையிட்டு, கயிறு கட்டி, அதில்தான் கோப்பியும் தேநீரும் ஊற்றிக் கொடுத்தார்கள். வாங்கிப் போனவருக்கு அது பால் தகரம் என்று தெரியும், ஏமாற்று ஏதுமில்லை. அதே தகரம் வீட்டு அரிசிப் பானைக்குள் அளவுக் குவளையாகவும் இருந்தது. அதிலும் குற்றமில்லை, அளப்பவரும் உண்பவரும் ஒரே வீட்டார். ஆனால் அது கடை மேஜைக்கு வந்து, "இரண்டு தகரம் போடுங்கள், பாய்" என்று ஒருவர் கேட்டால் என்ன ஆகும்? 397 கிராம் பால் பிடித்த தகரமும் உண்டு, 500 கிராம் பிடித்ததும் உண்டு. கேட்டவர் மனத்தில் உள்ள தகரம் எது, நம் கையில் உள்ளது எது?

டாச்சிங் என்னும் தூக்குக்கோலின் சங்கதி இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு கோலுக்கும் அதற்கென்று ஒரு குண்டு. அது தொலைந்தபின் ஏதோ ஓர் இரும்புத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் கோல் கோலாகத்தான் தெரியும். ஆனால் அந்தத் துண்டு சற்று இலேசாக இருந்தால் போதும், தண்டில் தள்ளிப் போய்த்தான் சமன் நிற்கும். சரக்கு குறைந்திருக்க, கட்டிக் கணக்கு கூடிக் காட்டும். கட்டியவர் கெட்ட எண்ணத்தோடு கட்டினாரா என்பது வேறு பேச்சு. 1972ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டம் வியாபாரத் தராசைச் சோதித்து முத்திரையிட வேண்டும் என்று வைத்திருப்பதும் நம் எண்ணத்தை நம்பியன்று. எண்ணம் மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரியாது, தராசுதான் தெரியும்.

இங்கேதான் எனக்கு ஒரு வழி தென்படுகிறது. ஒவ்வொரு பொருளும் தன் உருவத்தால் ஒரு சொல் சொல்கிறது. சர்பத் போத்தல், "என்னுள் இருப்பதைக் குடிக்கலாம்" என்று சொல்கிறது. அதில் மண்ணெண்ணெயை ஊற்றி அடுப்படியில் வைத்தவருக்கு உண்மை தெரியும். தாகத்தோடு ஓடி வரும் பிள்ளைக்குத் தெரியாது. அப்படிக் குடித்த குழந்தைகளின் கதை நம் நாட்டில் மட்டுமல்ல, மண்ணெண்ணெய் புழங்கிய ஏழை நாடுகளிலெல்லாம் உண்டு. போத்தலை வீணாக்காமல் உபயோகித்ததில் பிழையில்லை. அதை ஒரு பொய் சொல்ல வைத்ததுதான் பிழை.

ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, பெட்ரோல் கிடைக்காமல் மலாயாவில் கரிப்புகையில் மோட்டார் வண்டிகளை ஓட்டினார்கள். அதைவிடப் பெரிய ஒட்டுவேலை எது? ஆயினும் கரி எரியும் உருளை வண்டிக்கு வெளியே எல்லாருக்கும் தெரியத் தொங்கிற்று. ஏறியவர் தெரிந்தே ஏறினார். மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டு, உள்ளே ஈரம் கண்டு, மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டதும் இந்த நியாயத்தில்தான். ஈரமான தானியத்தை விற்கவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் வெளியே தெரியும்படி வைத்துவிட்டால் பொறுப்பு முடிந்ததா? இல்லை என்றே நினைக்கிறேன். நம் கடை ஏணியைப் பாருங்கள். ஒரு படி முறிந்து, அதில் கயிறு சுற்றியிருக்கிறது. கயிறு கண்ணுக்குத் தெரிகிறது, ஒளிவு மறைவில்லை. அதில் ஏறி மேல் பரணிலிருந்து பருப்பு மூட்டையை இறக்குகிறவர் ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்த தம்பி. பெர்மிட் நம் கடையின் பெயரில் இருக்கிறது. "இந்த ஏணியில் ஏற மாட்டேன், முதலாளி" என்று அவர் எந்த வாயால் சொல்வார்? வாங்க வந்தவருக்குப் பிடிக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். இவருக்கு அந்த வழி இல்லை. தெரிந்திருந்தும் மறுக்க முடியாதவனிடம், "தெரிந்துதானே ஏறினாய்" என்று சொல்வது நியாயமாகாது. முதலாளி தாமே ஏறும் ஏணியில் நூறு முடிச்சுப் போட்டுக்கொள்ளட்டும், அது அவர் எலும்பு. (வீட்டில் இருப்பவர்கள் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.)

கடைசியாக, கண்ணுக்கே தெரியாத ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் பியூஸ் போய்விட்டால், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. விளக்கு எரியும், வேலையும் நடக்கும். ஆனால் பியூஸின் வேலையே மின்சாரம் மிஞ்சும்போது தான் உருகி மற்றதைக் காப்பது. தாள் உருகாமல் நின்றால் சூடு வயருக்குப் போகும். அந்த வயர் மரப்பலகைச் சுவருக்குள் ஓடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் வேறொருவருடைய துணிக்கடை. பிளக்கோ வெளிப்பார்வைக்குக் கடையில் வாங்கிய அன்று போலவே இருக்கிறது. கிண்ணத்தின் வெள்ளி எல்லார் கண்ணிலும் பட்டது, இந்த வெள்ளித்தாள் யார் கண்ணிலும் படாது.

நோன்பு மாதம் வந்தால் பசாரில் கடை போடுவோம். ஒரே இணைப்பிலிருந்து ஐந்தாறு விளக்குகளுக்கு வயர் இழுப்போம். இழுக்குமுன் ஒவ்வொரு பிளக்கையும் திறந்து பார்த்துவிடுங்கள். சென்ற வருஷம் யார் கட்டியது என்று யாருக்கும் நினைவிருக்காது.