காலியாயிருந்த ஐந்தாவது இடம்

ஸ்டாம்பு சேர்க்கிற பழக்கம் எனக்குச் சிறுவயதிலேயே உண்டு. 1997-இல் ஹாலோவீனுக்கு முன் அமெரிக்கா, பழைய பேய்ப்பட நடிகர்களை வைத்து 32 சென்ட் ஸ்டாம்பு ஐந்து வெளியிட்டது. டிராகுலாவாக பெலா லுகோசி. போரிஸ் கார்லாஃபுக்கு மட்டும் இரண்டு.

"இதையெல்லாம் வீட்டிலே வைக்கலாமா, பிரதர்?" என்று ஒரு சகோதரர் கேட்டார். வேஷம் போட்ட நடிகர்தானே, காகிதத்துக்கு என்ன வல்லமை என்றேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் என்னிடம் நாலுதான் இருந்தது. கார்லாஃப் எகிப்து மம்மியாக வருகிற ஐந்தாவது கிடைக்காமல் தூக்கமே போச்சு. ஜெபத்திலே முழங்காலிட்டாலும் ஆல்பத்தின் அந்தக் காலி இடமே கண்முன் நின்றது. கடைசியில், தசமபாகத்துக்கு எடுத்து வைத்த பணத்திலே கை வைத்து அதை வரவழைத்தேன்.

சகோதரரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. ஸ்டாம்பு கவரிலேயே கிடக்கிறது. ஆல்பத்தில் வைக்க மனசு வரவில்லை.