கலந்த நீரில் யாருடைய பங்கு?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் ஆலைகள் பலவும் தம் கழிவுநீரைக் குழாய் வழியே அந்தந்தப் பகுதியின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகின்றன. நிலையம் ஒன்று, உறுப்பினர் பலர். பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்பேறிப்போன வரலாற்றைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு ஓர் அறக் கேள்வியை எழுப்பும். பலருடைய அழுக்கு ஒரே தொட்டியில் கலந்துவிட்டால், ஒவ்வொருவருடைய பொறுப்பும் அதற்கேற்பக் குறைந்துவிடுமா? குறையாது என்றே நினைக்கிறேன். அப்படி நினைக்கக் காரணமான சிந்தனை இந்த வட்டாரத்து மதரஸாக்களில் காலங்காலமாகப் பாடமாக இருந்துவருவதுதான்.

இஸ்லாமியச் சட்டவியல் கடமைகளை இரண்டாகப் பார்க்கிறது. ஐவேளைத் தொழுகைபோல ஒவ்வொருவரும் தாமே நிறைவேற்ற வேண்டியது ஃபர்ளு ஐன். இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகைபோல ஊரில் சிலர் செய்தால் மற்றவர்கள் மேலிருந்தும் நீங்கிவிடுவது ஃபர்ளு கிஃபாயா. இரண்டாவது இலேசானதாகத் தோன்றும். ஆனால் யாருமே செய்யாமல் விட்டால் குற்றம் தலைக்கு இவ்வளவு என்று பங்கு பிரிவதில்லை. செய்ய முடிந்தும் செய்யாத ஒவ்வொருவர் மேலும் முழுதாக விழுகிறது. பொது நிலையமும் ஒரு கிஃபாயாதான். "மாதக் கட்டணம் கட்டுகிறேன், அதற்குமேல் எனக்கென்ன?" என்று ஓர் உரிமையாளர் கேட்கலாம். குழி வெட்டக் கூலி கொடுத்ததால் மட்டும் ஊரின் கடமை தீர்வதில்லை, மையித் (இறந்தவர் உடல்) அடக்கமாக வேண்டும். கட்டணமும் அப்படித்தான். நிலையத்திலிருந்து வெளிவரும் நீர் கெட்டிருக்கும்வரை, கட்டணம் கட்டியவரின் கடமையும் பாக்கி நிற்கிறது.

அது மட்டுமன்று, இதில் ஐன் ஆகவே நிற்கும் பகுதி ஒன்று உண்டு. உப்பிட்டு வந்த தோலை ஊறவைக்கும் முதல் நீரில் உப்பு மிகுதி. பொது நிலையத்தின் நுண்ணுயிர்த் தொட்டி கரிமக் கழிவைச் சிதைக்கும், கரைந்த உப்பை ஒன்றும் செய்யாது. அந்த நீரை ஆலையிலேயே பிரித்து வெயிலில் வற்றவைக்க வேண்டும். தோல் உறிஞ்சாமல் மிஞ்சிய குரோமியத்தையும் கலக்கும் முன்பே படியவைத்தால் திரும்பப் பயன்படுத்தலாம். கலந்தபின் அது சேற்றோடு சேர்ந்து அபாயக் கழிவாகிவிடும். ஒரே மென்பொருளில் பல நிறுவனங்களின் இணையதளங்களை நடத்துவோர் நிரலைப் பொதுவாக வைத்து, ஒவ்வொருவருக்குமான அமைப்புகளைத் தனிக் கோப்பில் காப்பதற்கும் இதே காரணந்தான். ஒருவருக்கு உரியது பொதுவுக்குள் புகுந்துவிட்டால் பழுது எல்லோரையும் தாக்கும், யாரால் வந்தது என்றும் தெரியாது. பொதுவில் எதைச் சேர்க்கலாம், எதைத் தன் வாசலிலேயே தீர்த்தாக வேண்டும் என்ற பிரிவினை அறத்துக்கும் அடிப்படை.

சிறிய ஆலைகளுக்குத் தனி நிலையம் கட்டுப்படியாகாது என்பது நியாயமான மறுப்பு. செலவைப் பகிர்வதை நானும் ஏற்கிறேன். 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றமும் தனியாகவோ பொதுவாகவோ சுத்திகரிக்க இடம் கொடுத்தது. ஆனால் மாசுபடுத்தியதற்கான அபராதத்தை ஆலைக்கு 10,000 ரூபாய் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விதித்தது. இன்னொரு மறுப்பு இதைவிட வலியது: அனுமதி தந்த அதிகாரிகள், விலையை நெருக்கிய வெளிநாட்டுக் கொள்முதலாளர்கள் என்று எல்லோரும் பொறுப்பென்றால் கடைசியில் யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடாதா? ஆகாது. கிஃபாயாவின் அளவுகோல் இயலும் தன்மை. தெரிந்தும், தடுக்க முடிந்தும் விட்டவர்களையே அது பிடிக்கிறது. கூலிக்குத் தோல் சுமந்தவரை அன்று. 2025 ஜனவரி 30 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நிலுவை இழப்பீட்டை அரசே முதலில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் பிறகு வசூலிக்கச் சொன்னது. யார் பங்கு எவ்வளவு என்ற கணக்கைக் குற்றவாளிகள் தமக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். கிணற்றை இழந்த விவசாயி அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.