பலிபீடத்துக்கு முன்னால் டிரம்ஸ்

(ஓய்வுபெற்ற இறையியல் ஆசிரியர் ஒருவரும், பெர்லினில் ஒரு லுத்தரன் சபைக்கு ஓராண்டு உதவி ஊழியராகப் போகவிருக்கும் அவருடைய மாணவரும் பேசிக்கொண்டது.)

சீடர்: ஐயா, நான் போகிற சபையில் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாமாம். அதனால் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆலயத்துக்குள்ளேயே ஜாஸ், ராக் கச்சேரி வைக்கலாமா என்று கமிட்டியில் பேச்சு நடக்கிறது. ஞானப்பாட்டு இல்லை, சுத்தமான உலகப் பாட்டு. நம் ஊராக இருந்தால் பேச்சை எடுத்தவரையே கமிட்டியிலிருந்து எடுத்திருப்பார்கள்.

குரு: நம் ஊரை ரொம்பப் பெருமையாகச் சொல்லாதே. தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் ராகமும் தாளமுமாகக் கீர்த்தனை பாடியதற்கே, புதிதாக வந்த மிஷனரிமார் சிலர் முகம் சுளித்தார்கள். இன்றைக்கு அதே கீர்த்தனைகள் நமக்குப் பரம்பரைச் சொத்து. எது உலகப் பாட்டு என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டேதான் இருக்கும். அதை விடு. கச்சேரி எதற்காக?

சீடர்: அக்கம்பக்கத்தாரை உள்ளே வரவைக்கத்தான். லண்டனில் யூனியன் சேப்பல் என்று ஒரு ஆலயம். 1877-ல் கட்டியது. ஒரு கட்டத்தில் இடித்துவிடலாம் என்கிற நிலைக்கே போய்விட்டது. இப்போது அங்கே பெரிய பெரிய பாடகர்கள் பாடுகிறார்கள். ஞாயிறு ஆராதனையும் நடக்கிறது, வீடில்லாதவர்களுக்கு உதவியும் நடக்கிறது.

குரு: நல்ல உதாரணம். கையோடு இன்னொரு பக்கத்தையும் கேள். 1987-ல் ரோமாபுரியிலிருந்து கத்தோலிக்க ஆயர்களுக்கு ஒரு கடிதம் போயிற்று, ஆலயங்களில் கச்சேரி பற்றி. எவ்வளவு அழகான சிம்பொனியாக இருந்தாலும், அது சமய இசை இல்லையென்றால் ஆலயத்துக்குள் வேண்டாம். சமய இசைக் கச்சேரிக்கும் கட்டணம் கூடாது. வாசிக்கிறவர்கள் பலிபீடப் பகுதியில் உட்காரக் கூடாது.

சீடர்: அது அவர்கள் சட்டம், ஐயா. நம்மைக் கட்டாது.

குரு: கட்டாதுதான். முதல் விதி எனக்கும் கடுமையாகத்தான் படுகிறது. ஆனால் அந்த மூன்றாவதைச் சும்மா தள்ளிவிடாதே. உன் சபையில் டிரம்ஸை எங்கே வைப்பார்கள்?

சீடர்: முன்னால்தான். பெஞ்சுகள் எல்லாம் அந்தப் பக்கம்தானே பார்க்கின்றன?

குரு: அங்கேதான் சங்கதி இருக்கிறது. ஜெர்மனியில் லூபெக் நகரத்தில் மரியாள் ஆலயம். பதினேழாம் நூற்றாண்டில் டுண்டர் என்ற ஆர்கன் வாசிப்பவர், சந்தைக் கூடம் திறப்பதற்குக் காத்திருந்த வியாபாரிகளுக்காக அங்கே வாசித்தார் என்று சொல்வார்கள். பொழுது போகாமல் வந்த கூட்டம்! அவருக்குப் பின் வந்த புக்ஸ்டெஹூட அதைப் பெரிய மாலைக் கச்சேரியாக்கினார். காசு கொடுத்தவர்களும் வியாபாரிகளே. கேட்க வந்தவர்களுக்கு இலவசம். அவர் இசையைக் கேட்க 1705-ல் இசைமேதை பாக், அப்போது இளைஞர், ஆர்ன்ஷ்டாட்டிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் நடந்தே வந்தார். நாலு வார லீவு கேட்டுவிட்டு மாதக்கணக்கில் அங்கேயே இருந்துவிட்டு, ஊர் திரும்பித் திட்டு வாங்கினார். இசைக்காரர்கள் எங்கே இருந்தார்கள் தெரியுமா? மேலே, ஆர்கன் பக்கத்து மாடங்களில். கீழே பெஞ்சில் இருந்தவன் காதில் இசை. கண்ணுக்கு நேரே அதே பலிபீடம். யாரும் பலிபீடத்தை மேடையாக்கவில்லை.

சீடர்: அப்படியானால் மாடத்தில் ஏற்றிவிட்டால் ராக் கச்சேரி சரியா?

குரு: (சிரித்து) மாடம் தாங்காது. நீ போகிற ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறேன். கிழக்கு ஜெர்மனி இருந்த காலம். மேடையேறி வாசிக்கவே அரசாங்க அனுமதி வேண்டும். ஹோல்வாஸ் என்கிற ப்ளூஸ் இசைக்காரர், ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹைன் பகுதியில் சமாரியர் ஆலயத்தில் இருந்த எப்பெல்மான் என்ற போதகரிடம் வந்து, ஆலயத்தில் வாசிக்க இடம் கேட்டார். அங்கே சட்டம் எப்படியென்றால், கூட்டம் எதுவானாலும் போலீஸில் பதிய வேண்டும், ஆராதனைக்கு மட்டும் தேவையில்லை. ஆகவே கச்சேரியை ஆராதனையாக்கினார்கள். 1979 ஜூனில் முதல் ‘ப்ளூஸ் ஆராதனை’. கொஞ்சம் ப்ளூஸ், அன்றாட வாழ்க்கையைப் பற்றிச் சின்ன நாடகம், ஜெபம், வேதவாசிப்பு, பிரசங்கம், மறுபடி ப்ளூஸ். நீண்ட முடியும் பார்க்கா கோட்டுமாகப் பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்தார்கள். சில நூறு பேர் ஆயிரக்கணக்காகி, வேறு ஆலயங்களுக்கும் போக வேண்டியதாயிற்று. 1986 வரை நடந்தது.

சீடர்: சபையார் ஒன்றும் சொல்லவில்லையா?

குரு: சொல்லாமலா? ஆனால் அவர்களைவிட அதிகம் சொன்னது அரசாங்கம். இது ஆராதனையே இல்லை, வெறும் கச்சேரி, நிறுத்துங்கள் என்று சபைத் தலைவர்களை நெருக்கியது. வேடிக்கையைப் பார், பரிசுத்தம் எது, உலகம் எது என்று கோடு கிழிப்பதில் நாத்திக அரசுக்குத்தான் எவ்வளவு அக்கறை!

சீடர்: அந்தப் பிள்ளைகள் பிற்பாடு சபைக்கு வந்தார்களா? பெர்லின் சுவர் விழுந்த பிறகு கிழக்கு ஜெர்மனி ஆலயங்கள் காலியாகிவிட்டன என்றுதானே படித்தோம். 1989-ல் லைப்சிக் நிக்கோலாய் ஆலயத்தின் சமாதான ஜெபங்களில் நிற்க இடமில்லாமல் இருந்த கூட்டம் எங்கே போயிற்று?

குரு: வீட்டுக்குப் போயிற்று. அதனால் எப்பெல்மான் செய்தது வீணா?

சீடர்: வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆளைச் சேர்ப்பதற்கு வழி என்று கமிட்டிக்குச் சொல்லவும் முடியாது.

குரு: சொல்லாதே. வேறு இடமே இல்லாதவர்களுக்கு அன்றைக்கு ஆலயம் இடம் கொடுத்தது. தூண்டில் போடவில்லை. ‘வந்தவர்களில் எத்தனை பேர் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள்’ என்று கமிட்டி கணக்குக் கேட்கிற அன்றைக்கே, கேட்க வந்தவனுக்கு அந்த வாடை தெரிந்துவிடும். அவன் ஒன்றும் குழந்தை இல்லை.

சீடர்: ஒரு சந்தேகம், ஐயா. இன்றைய பெர்லினில் எந்த இசைக்கும் தடை கிடையாது. தெருவுக்குத் தெரு அரங்கம். நீங்கள் சொல்கிறபடி பார்த்தால், அங்கே கச்சேரியே தேவையில்லை என்றாகிறது.

குரு: சரியாகப் பிடித்தாய். அரங்கம் இருக்கிறது, வாடகை எல்லோராலும் கொடுக்க முடியுமா? அடைக்கலம் தேடி வந்து முகாமில் இருக்கிறவன் தன் வாத்தியத்தை எங்கே வாசிப்பான்? முதல் மூன்று மாதம் கமிட்டியில் வாயைத் திறக்காதே. அந்தத் தெருவில் நட, விசாரி. இடமில்லாத ஆள் அகப்பட்டால், அவர் பாடுவது எந்தப் பாட்டானாலும் கதவைத் திற. ஒருத்தரும் அகப்படவில்லையென்றால் பக்கத்து அரங்கத்தோடு போட்டி போடாதே. அவர்கள் ஸ்பீக்கரும் நாற்காலியும் உன்னுடையதைவிட நன்றாகவே இருக்கும்.

சீடர்: கூரை ஒழுகுகிறதாம், ஐயா. கச்சேரி வேண்டுமென்பதில் பாதிக் காரணம் அதுதான்.

குரு: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கூரைக்காக டிக்கெட் போடு, தப்பில்லை. நோட்டீஸில் கூரை நிதி என்றே அடிக்கச் சொல். ஊழியம், சமூகம் என்று பெரிய எழுத்தில் அடிக்க வேண்டாம்.

சீடர்: டிரம்ஸ்?

குரு: பக்கவாட்டில் போடச் சொல். பெஞ்சைத் திருப்ப முடிகிறதா என்று பார்.