கதவில் ஒரு துவாரம்

மறைந்தவர் விட்டுச் சென்ற பொருளில் இருப்பவர்கள் கைவைத்து மாற்றலாமா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், சென்ற மாதம் வரையில் உடனே ஒரு பதில் சொல்லியிருப்பேன். எழுதுகிறவனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். அது இந்தத் தொழிலின் சாபம். ஆனால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் ஒரு கடை வாசலில், கதவின் உள் அட்டை கழற்றப்பட்டு எலும்பும் நரம்பும் தெரிய நின்ற ஒரு காரின் பக்கத்தில், பிளாஸ்டிக் முக்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுந்த பிறகு அந்தப் பதில் எங்கேயோ நழுவிப் போய்விட்டது.

கார் என் அண்ணனுடையது. 2011-ல் வாங்கினார், 2022-ல் காலமானார். நடுவில் பதினொரு வருஷம் அதில்தான் ஆபீஸுக்குப் போனார், வந்தார். போகும்போதும் வரும்போதும் கச்சேரி கேட்பார். மிருதங்கம் என்றால் அவருக்கு உயிர். தனி ஆவர்த்தனம் முடிகிற வரையில் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே காபி ஆறிக்கொண்டிருக்கும்.

இப்போது அந்த வண்டியை ஓட்டுகிறவன் அவர் மகன். கதவுகளில் இருந்த பழைய ஸ்பீக்கர்கள் கரகரக்க ஆரம்பித்தன. கூம்பைச் சுற்றியிருக்கும் மெல்லிய வளையம் நாளடைவில் உளுத்துப் போகுமாம். பையன் தன் சம்பளத்தில் 'காம்பொனன்ட்' என்று ஒரு ஜோடி வாங்கி வந்தான். அதில் தாழ்ந்த ஒலிக்கு ஒரு பெரிய ஸ்பீக்கர், உயர்ந்த ஒலிக்கு டுவீட்டர் என்று ஒரு சின்னது, இரண்டுக்கும் நடுவில் பாகப்பிரிவினை செய்து கொடுக்கிற கிராஸ்ஓவர் என்ற பெட்டி. விநாடிக்குச் சுமார் 3,000 அலைவுகளுக்கு மேற்பட்டது சின்னதுக்கு, கீழ்ப்பட்டது பெரியதுக்கு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இவ்வளவு சுமுகமாகப் பிரித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

"அப்பா இருந்திருந்தா அவரே மாத்தியிருப்பார், சித்தப்பா" என்றான் பையன்.

"மாத்தட்டும். நான் வேண்டாங்கலே. ஆனா அந்தக் கதவுல ஒரு வெட்டு விழக் கூடாது. நீங்க கூடப் போய்ப் பாருங்க, தம்பி" என்றார் அண்ணி. கடைசி நிமிஷத்தில் அவரும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

தொல்லை என்னவென்றால், புதிய ஸ்பீக்கர் பழைய துவாரத்தில் உட்காரவில்லை. இரண்டுமே ஆறரை அங்குலம் என்றுதான் பேர். ஆனால் பழையது மூன்று திருகாணியில் நின்றது. புதியதுக்கு நான்கு காது. அதன் பின்னால் இருக்கும் காந்தமோ தடியானது. கண்ணாடியைக் கீழே இறக்கினால் நேரே வந்து அதில் இடிக்கும்.

"இரும்பைக் கொஞ்சம் வெட்டி ஓரமாத் தள்ளி வச்சுடலாம். இல்லேன்னா ரிங் போட்டுத் தூக்கணும்" என்றார் மெக்கானிக். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் அண்ணியின் கட்சி. "வெட்டக் கூடாது" என்றேன்.

"நல்லது சார். வெட்டுனா ஒட்ட முடியாது. ரிங்குன்னா நாளைக்கே கழட்டிடலாம். வெட்டின விளிம்புல தண்ணி பட்டுத் துருவும் ஏறும்." கதவுக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, அடியிலுள்ள சிறு துளைகள் வழியாக வடிந்து போகும்படிதான் கதவையே செய்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வெட்டினால் ஒட்ட முடியாது! எனக்கு இதைவிட என்ன வேண்டும்? முக்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு தர்ம சாஸ்திரத்தைக் கட்டி முடித்துவிட்டேன். நமக்கு வந்த பொருள் நமக்கு மட்டும் உரியதல்ல; நமக்குப் பிறகு வருகிறவன் பழையபடியே வேண்டும் என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும்படி அது இருக்க வேண்டும். ஆகவே திரும்ப முடியாத காரியத்தைச் செய்யாதே. எவ்வளவு கச்சிதம்! கட்டுரைக்குக்கூட ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான், இந்தச் சட்டப்படி நடப்பதானால் உலகத்தில் ஒருவரும் கல்யாணம் செய்துகொள்ள முடியாதே என்று தோன்றியது. அண்ணன் அண்ணியைக் கைப்பிடித்ததும் திரும்ப முடியாத காரியம்தான். இந்தப் பையன் பிறந்ததும் அப்படித்தான்.

என் சாஸ்திரத்துக்கு அடுத்த அடி மெக்கானிக்கிடமிருந்தே விழுந்தது. கதவின் உட்புற இரும்பில் கை நுழைகிற அளவுக்குப் பெரிய பெரிய ஓட்டைகள் இருந்தன. அவற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் மட்டும் ஒட்டியிருந்தது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்பக்கத்து ஒலியும் பின்பக்கத்து ஒலியும் ஒன்றுக்கொன்று எதிரி. தாழ்ந்த ஒலியின் அலையோ மிக நீளமானது. விநாடிக்கு 100 அலைவு உள்ள ஒலியின் அலை ஏறக்குறைய மூன்றரை மீட்டர் நீளம். அது ஓட்டை வழியாகச் சுற்றி வந்து முன்னால் இருப்பதை விழுங்கிவிடுகிறது.

"கம்பெனியில் இதை ஏன் மூடவில்லை?" என்று கேட்டேன்.

"பிட்டிங் பண்ண, ரிப்பேர் பண்ண கை போகணுமே சார். அதோட செலவு."

அதாவது, நான் புனிதம் என்று காவல் காத்துக்கொண்டிருந்த வடிவத்தை யாரோ ஒரு கணக்குப் பிள்ளை, இவ்வளவு போதும் என்று தீர்மானித்து நிறுத்தியிருக்கிறான். என் அண்ணன் பதினொரு வருஷம் ரசித்த மிருதங்கத்தில் பாதியைக் கதவு தின்றிருக்கிறது. பரம்பரையாக வந்தது என்று நாம் தலைமேல் வைத்துக்கொண்டாடுகிற எத்தனையோ வழக்கங்களின் பின்புறத்தையும் இப்படி ஒருமுறை அட்டையைக் கழற்றிப் பார்த்தால் தேவலை.

பழையதுதான் அசல் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 1930-ல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் தம் காரிலேயே ஒரு ரேடியோவைப் பொருத்தி ஓட்டிக் கொண்டுபோய் வியாபாரிகளுக்குக் காட்டினார். 'மோட்டோரோலா' என்ற பெயர் பிறந்தது அந்த ரேடியோவுக்காகத்தான். அன்றைய வண்டிகளில் அதற்கென்று யாரும் துவாரம் விட்டு வைத்திருக்கவில்லை. இடம் கண்டுபிடித்து நுழைக்க வேண்டியிருந்தது. ஆகவே இன்றைக்கு நாம் காக்க வேண்டிய பழைய துவாரமும் ஒரு நாளைக்கு அத்துமீறி நுழைந்ததுதான்.

மெக்கானிக் ஓட்டைகளைப் பிசின் பூசிய தகட்டினால் மூடி ஒட்டினார். பிறகு அட்டையில் பென்சிலால் வரைந்து, மரப்பலகையில் வளையம் அறுத்து, வர்ணம் பூசி, ஒரு பக்கம் பழைய மூன்று திருகாணிக்கும் மறுபக்கம் புதிய நாலுக்குமாகத் துளையிட்டார். அந்த வளையத்தை நான் வெகு நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கீதத்தில் அதற்குப் பங்கில்லை. மூடிய பிறகு அதை யாரும் பார்க்கப் போவதுமில்லை. கதவின் அதிர்ச்சியையும் ஸ்பீக்கரின் அதிர்ச்சியையும் தாங்கிக்கொண்டு, தான் மட்டும் சத்தம் போடாமல் இருக்க வேண்டும். எங்கள் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் எங்கள் அம்மா இருந்த இருப்பு எனக்கு ஞாபகம் வந்தது.

வளையமும் சும்மா வந்துவிடவில்லை. ஸ்பீக்கர் முக்கால் அங்குலம் முன்னால் வந்ததால் உள் அட்டை மூட மறுத்தது. அதன் முதுகிலிருந்த பிளாஸ்டிக் வரிகளைச் சீவித்தான் ஆக வேண்டும். வெட்டாமல் பொருத்துகிறோம் என்ற என் பெருமையும் அத்தோடு போயிற்று. இரும்பில் வெட்டாததை, யாருக்கும் தெரியாத இடத்தில் வெட்டுகிறோம், அவ்வளவுதான்.

டுவீட்டருக்கு அந்த வண்டியில் இடமே இல்லை. உயர்ந்த ஒலி நேர்கோட்டில் போகிற சாதி. முழங்காலுக்கருகில் வைத்தால் காதுக்கு எட்டாது. முன் கண்ணாடியின் ஓரத்துத் தூணை மூடியிருக்கும் பிளாஸ்டிக்கில் துளை போட வேண்டும் என்றார் மெக்கானிக். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி கேட்டார்: "அந்த பிளாஸ்டிக் புதுசா கிடைக்குமா?"

"கிடைக்கும்மா."

"அப்ப போடுங்க."

நான் யாருக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்தேனோ, அவருக்கு என் சாஸ்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை.

எல்லாம் மாட்டிப் பாட்டுப் போட்டபோது ஒலி சப்பென்று இருந்தது. வலந்தலை பளிச்சென்று கேட்கிறது, தொப்பியைக் காணோம். பையன் முகம் சுருங்கிவிட்டது. பெரியவர் இடது கதவை மட்டும் பாடவிட்டார், தொப்பி வந்தது. வலதை மட்டும் விட்டார், வந்தது. இரண்டையும் விட்டால் மறைந்தது. ஒரு கதவில் கடைப் பையன் இரண்டு வயர்களை மாற்றிக் கொடுத்திருக்கிறான். ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது. தனித்தனியே இரண்டிலும் பிழை இல்லை. மூன்று வருஷமாக அந்த வீட்டில் அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். ஆகையால் எனக்கு அது அதிசயமாக இல்லை.

வயரை மாற்றுவதற்காக டிரைவர் பக்கத்து அட்டையை மறுபடி கழற்றினார்கள். அதுவரை நாற்காலியை விட்டு அசையாத அண்ணி எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"முன்பக்கம் தேய்க்காம வைங்க" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். கைப்பிடிக்கு மேலே, வலது முழங்கையை ஊன்றிக்கொள்ளும் இடத்தில், சாம்பல் நிற அட்டை ஓர் உள்ளங்கையளவுக்குத் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. சிவப்பு விளக்குகளிலும் வீட்டு வாசலிலும் கச்சேரி கேட்டபடி அண்ணன் கையூன்றிய இடம். வெட்டு விழக்கூடாது என்று அண்ணி சொன்னபோது நான் இரும்பை நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை தொப்பி நன்றாக விழுந்தது. பையன் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். பணத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கடைப் பையன், இனாமை எதிர்பார்த்துத்தானோ என்னவோ, பாலிஷ் பாட்டிலும் துணியுமாக ஓடிவந்து கதவுகளைத் துடைக்க ஆரம்பித்தான். இடது பக்கத்தை முடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தான்.

"இந்தக் கதவு வேண்டாம்ப்பா" என்றார் அண்ணி.